களரித் தரையும் தேனீக் கணக்கும்: சந்திரலேகா குழுவின் மூன்று படைப்புகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1952ஆம் ஆண்டு சென்னையில், பின்னாளில் நடன அமைப்பாளராகப் பெயர்பெற்ற சந்திரலேகாவின் பரதநாட்டிய அரங்கேற்றம் நடந்தது. காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பயின்ற அவர், அந்த நிகழ்ச்சியை ராயலசீமை வறட்சி நிவாரண நிதிக்காக ஆடினார். சித்தூர், நகரி, புத்தூர் ஆகிய ஊர்கள் அப்போது சென்னை மாநிலத்தில்தான் இருந்தன. மறு ஆண்டு அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அவை அந்தப் பக்கம் போயின. ஆகவே அந்த நிதி எங்கள் சீமைக்காகவும் திரட்டப்பட்டது என்று எல்லைத் தமிழர்கள் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். அன்று அவர் ஆடிய உருப்படிகளில் ஒன்று 'மதுரா நகரிலோ'. மோர் விற்கப் போகும் இடைப்பெண் கண்ணனிடம் வழிவிடச் சொல்லும் இந்தத் தெலுங்குப் பாட்டைச் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் குரலில் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை எங்கள் பக்கம் உண்டு. அதன் விரிவில் யமுனையின் நீர்ப்பெருக்கையும் தோழியரின் நீர் விளையாட்டையும் அபிநயித்துக்கொண்டிருந்தபோது, வெடித்த நிலமும் கையில் தகரக் குவளையோடு தண்ணீருக்கு நீண்ட வரிசையில் நிற்கும் மக்களும் அடங்கிய செய்தித்தாள் படங்கள் நினைவுக்கு வந்து, ஒரு கணம் தாம் உறைந்து இரண்டாகப் பிளந்துபோனதாகப் பிற்காலத்தில் அவர் விவரித்திருக்கிறார்.

இச்சம்பவத்தைச் சமூக அக்கறையின் உதயமாக மட்டும் எடுத்துச் சொல்வது வழக்கம். அது சரிதான் என்றாலும் போதாது. அன்று மேடையில் எழுந்தது ஒரு தொழில்நுட்பக் கேள்வியும்கூட: நடனத்துக்கு வெளியே இருக்கும் ஒன்று, அது நிலமாகவோ கணிதமாகவோ போர்க்கலையாகவோ இருக்கலாம், நடனத்துக்குள் வர வேண்டுமென்றால் எந்த வழியாக வரும்? பாட்டின் பொருளாக வருமா, மேடை அலங்காரமாக வருமா, அல்லது ஆடுபவரின் கால் தரையில் படும் விதத்தையே மாற்றிக்கொண்டு வருமா? ஏறத்தாழ 50 ஆண்டுகள் அவர் இக்கேள்வியோடு வாழ்ந்தார். இடையே நீண்ட காலம் மேடையை விட்டு விலகி, எழுத்து, சுவரொட்டி வடிவமைப்பு, பெண்ணுரிமை, மனித உரிமைப் பணிகள் என்று இருந்தார். 1984இல் மும்பையில் நடந்த கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பில் மீண்டும் நடன உலகின் கவனத்துக்கு வந்தார். 1985இல் 'அங்கிகா', 1989இல் 'லீலாவதி', 2001இல் 'சரீரா' எனப் படைப்புகள் தொடர்ந்தன. இடையில் வந்த 'பிராணா', 'யந்திரா', 'மகாகாள்', 'ஸ்லோகா' போன்றவற்றை இக்கட்டுரை தொடவில்லை. நடனம் வேறொரு துறையோடு உறவு கொள்ளும் மூன்று வெவ்வேறு முறைகளுக்கு மேற்சொன்ன மூன்றும் தெளிவான மாதிரிகளாக அமைகின்றன என்பதே தேர்வுக்குக் காரணம்.

அங்கிகா: தரை மாறினால் உடல் மாறும்

'அங்கிகா'வில் பரதநாட்டியக் கலைஞர்களும் கேரளப் போர்க்கலையான களரிப்பயிற்றின் வீரர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். யோகாசனமும் அதன் அடிப்படைகளில் ஒன்றாக இருந்தது. இன்று இதைக் கேட்டால் வியப்பு வராது. இப்போது எந்தப் புதுமை நடன நிகழ்ச்சிக்குப் போனாலும் ஒருவர் வாளும் கேடயமுமாகக் குறுக்கே பாய்ந்துவிட்டுப் போகிறார். 1985இல் நிலைமை வேறு. சபா மேடையில் பரதம் ஒரு புனிதப் பொருளாகப் போற்றப்பட்ட காலத்தில், அதைச் சண்டைக் கலையோடு ஒரே வரிசையில் வைத்ததே பலருக்கு உறுத்தியது.

களரி என்பது கலையின் பெயராவதற்கு முன் ஓர் இடத்தின் பெயர். வடக்கன் (வட கேரள) மரபில் குழிக்களரி தரைமட்டத்துக்குக் கீழே தோண்டப்படுகிறது; வழக்கமான அளவு 42 அடி நீளமும் 21 அடி அகலமும். வாசல் கிழக்கே, தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தற என்ற வழிபாட்டு மேடை. உள்ளே இறங்குபவர் வலது காலை முதலில் வைத்து, தரையைத் தொட்டு வணங்கிய பிறகே பயிற்சியைத் தொடங்குகிறார். மெய்த்தாரி, கோல்த்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை என்ற படிநிலைகளில் முதலாவது முழுக்க முழுக்க உடலைப் பழக்குவது. யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என எட்டு வடிவுகள் அங்கே கற்பிக்கப்படுகின்றன. இவற்றை விலங்குகளைப் போல நடித்துக் காட்டுவதாக நினைத்தால் தவறு. எடை எங்கே இறங்குகிறது, முதுகெலும்பு எவ்வளவு நீள்கிறது, பாய்வதற்கு முன் மூச்சு எங்கே நிற்கிறது என்பதற்கான இலக்கணம் அது.

இப்போது பரதத்தின் அரைமண்டியை இதன் அருகே வைத்துப் பார்ப்போம். அரைமண்டியில் முழங்கால்கள் இரு பக்கமும் விரிகின்றன, மேலுடல் நிமிர்ந்திருக்கிறது, எடை நடுவில் நிலைக்கிறது, முகம் அவையை நோக்குகிறது. களரி நிலைகளில் பாதங்கள் பெரும்பாலும் முன்னும் பின்னுமான கோட்டில் நீள்கின்றன. இடுப்பு தரையை நோக்கித் தாழ்கிறது. கண் எதிராளியின் கண்ணில் நிற்கிறது. ஒன்று பார்வையாளரை எதிர்கொள்ளும் உடல், மற்றது எதிராளியை எதிர்கொள்ளும் உடல். இரண்டும் ஒரே மேடையில் உழைக்கும்போது 'முன்பக்கம்' என்று நாட்டியம் நம்பியிருந்த திசை தளர்கிறது. அவைக்கு முதுகு காட்டுவதும் பக்கவாட்டில் நகர்வதும் தரையோடு ஒட்டிக் கிடப்பதும் தவறுகளாக இல்லாமல் சாத்தியங்களாகின்றன. 'அங்கிகா' சாதித்ததில் முதன்மையானது இதுதான் என்பது என் கணிப்பு. நாயகனான அரசனையோ தெய்வத்தையோ நோக்கி ஏங்கும் வர்ணத்தின் நாயகியை அப்படைப்பு விசாரணைக்கு உட்படுத்தியதும், ஆணுடலையே வாகனமாக்கி அதன் மேல் பெண் ஏறிவரும் 'நரவாகனம்' என்ற காட்சியும் அதிகம் பேசப்பட்டன. ஆனால் அந்தக் காட்சி வெறும் கருத்துப் படமாகச் சரிந்துவிடாமல் நின்றதற்குக் காரணம், கீழே வாகனமாக நின்ற உடல் களரியில் பழகிய உடலாக இருந்ததே. மேலே ஒருவரைச் சுமந்துகொண்டு நாலு காலில் நகர வேண்டுமென்றால் தொடையும் இடுப்பும் பல ஆண்டு எண்ணெயும் உழிச்சிலும் (உடல் பிடித்துவிடுதல்) கண்டிருக்க வேண்டும்.

எலும்பு முறிந்தால் ஸ்கேன் எடுக்கும் முன்பே 'புத்தூர் கட்டு'க்கு வண்டி கட்டும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தியும் எளிதில் விளங்கும். களரி ஆசானும் உடலை அடிக்கத் தெரிந்தவர், அடிபட்ட உடலைச் சரிசெய்யவும் தெரிந்தவர். மர்மங்கள் எனப்படும் உயிர்நிலைப் புள்ளிகளைத் தாக்கும் அறிவும் அவற்றைக் குணப்படுத்தும் அறிவும் அங்கே ஒரே கையில் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஒரு துறையிலிருந்து நான்கு பாய்ச்சல்களை மட்டும் வெட்டி எடுத்து நடனத்தில் ஒட்டினால், அத்துறையின் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிடும்.

லீலாவதி: தாளத்துக்குள் இருந்த கணிதம்

பாஸ்கராசாரியார் 1150இல் எழுதியதாகச் சொல்லப்படும் 'லீலாவதி' செய்யுளால் ஆன கணித நூல். கணக்குகள் பலவும் ஒரு பெண்ணை விளித்துக் கேட்கப்படுகின்றன. 'மான்விழியாளே, விடை சொல்' என்ற பாணியில் அவை முடிகின்றன. இதிலுள்ள விளிப்பே நடனத்துக்கான வாசல். பதங்களிலும் வர்ணங்களிலும் நாயகி தோழியை விளித்துப் பேசிப் பழகிய ஒரு கலைக்கு, யாரோ ஒருவர் ஒரு பெண்ணை விளித்துக் கேள்வி கேட்கும் நூல் அந்நியமாகத் தோன்றாது. சந்திரலேகா இதைக் கண்டுகொண்டது கூர்மையான தேர்வு.

நூலிலுள்ள புகழ்பெற்ற தேனீக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு தேனீக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்ப மலருக்குப் போனது. மூன்றில் ஒரு பங்கு சிலீந்திர மலருக்குப் போனது. இவ்விரண்டின் வேறுபாட்டைப் போல மூன்று மடங்கு குடசப்பாலை மலருக்குப் போனது. எஞ்சிய ஒரே ஒரு தேனீ தாழையின் மணமும் மாலதியின் மணமும் இருபுறமும் இழுக்க, எதில் அமர்வதென்று தெரியாமல் வானில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மொத்தம் எத்தனை? விடை 15: மூன்று, ஐந்து, ஆறு, ஒன்று. அந்தக் கடைசித் தேனீ கணக்குக்குத் தேவையான மீதி மட்டும்தான். ஆனால் அபிநயம் தெரிந்த எந்த ஆட்டக்காரரும் கைவைக்க விரும்புவது அந்த ஒற்றைத் தேனீயின் மேல்தான்.

இங்கே என் சொந்தக் கணக்கு ஒன்றையும் சேர்த்துச் சொல்லலாம். இது சந்திரலேகா குழு செய்தது என்று பொருளில்லை. மூன்றும் ஐந்தும் தாளக் கலைஞருக்குத் திஸ்ரமும் கண்டமும். ஒருவர் மூன்று மூன்றாகவும் மற்றவர் ஐந்து ஐந்தாகவும் ஒரே வேகத்தில் அடவு போட்டால், இருவரின் முதலடியும் மறுபடி சேர்ந்து விழுவதற்கு 15 அட்சரங்கள் ஆகும். அதாவது, தேனீக் கணக்கின் விடையை நட்டுவனார் தட்டுக்கழியால் தட்டியே கண்டுபிடித்துவிடலாம். ஏழு தாளங்களையும் ஐந்து ஜாதிகளையும் பெருக்கி முப்பத்தைந்து என்று மனப்பாடம் செய்யும் மாணவர்களுக்குக் கணிதம் வெளியிலிருந்து வரும் விருந்தாளியே இல்லை, அது வீட்டுக்காரர்.

இத்தகைய உறவில் ஒரு சௌகரியமும் ஓர் ஆபத்தும் உண்டு. செய்யுள் இனிமையாக இருப்பதால், மயிலையும் தேனீயையும் தாமரையையும் கைமுத்திரைகளால் காட்டிவிட்டுப் போகலாம். கணிதம் பாடலின் கருப்பொருளாகவே தங்கிவிடும். பகுபடுதல், மீதி நிற்றல், விகிதம் மாறுதல் ஆகியவை ஆடுபவர்களின் எண்ணிக்கையிலும் இடைவெளியிலும் திரும்புதலிலும் நிகழும்போதுதான் அத்துறை உடலுக்குள் இறங்குகிறது. மூன்று படைப்புகளில் 'லீலாவதி' மிக எளிதாக ரசிக்கத்தக்கது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த எளிமைக்காகவே அதை இணைப்புக்குச் சிறந்த சான்றாக நான் எடுக்கத் தயங்குகிறேன். ஏனெனில் நடனம் தன் பழக்கத்தை அதிகம் விட்டுக்கொடுக்காமலேயே கணிதத்தை வரவேற்க முடிந்துவிட்டது.

சரீரா: இருவர் மட்டும்

2001இல் உருவான 'சரீரா'வில் மேடையில் இரண்டே உடல்கள். ஒருவர் கவிஞர் திஷானி தோஷி; மற்றவர் களரி பயின்ற ஷாஜி ஜான். இசை, குந்தேச்சா சகோதரர்களின் துருபத் என்ற இந்துஸ்தானிப் பாணி. ஒளியமைப்பு, சந்திரலேகாவின் நீண்ட காலத் தோழரான சதானந்த் மேனன். சபா மேடையின் அளவுகோலில் பார்த்தால் இந்த ஆட்டக்காரர்களில் ஒருவருக்கும் 'நாட்டியக் கலைஞர்' என்ற அடைமொழி முதலில் வராது. பெண்ணுடல் மிக மிக மெதுவாகக் கால்களை விரித்தும் மடித்தும் முக்கோணங்களை உண்டாக்குகிறது. ஆலாபனையின் ஒரு சுவரம் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நேரம் ஒரு கால் காற்றில் நிற்கிறது. பார்வையாளருக்குப் பொறுமை சோதிக்கப்படுகிறது என்பது உண்மை. இந்த மெதுவோட்டத்தைப் பயிற்சியின்மை என்று நினைப்பவர்கள், வேகமாகச் செய்யும் ஓர் அடவை நான்கில் ஒரு பங்கு வேகத்தில் தொடை நடுங்காமல் செய்துபார்க்கலாம்.

'அங்கிகா'வோடு ஒப்பிட்டால் ஒரு முக்கியமான மாற்றம் தெரிகிறது. முதல் படைப்பில் நாட்டியம் ஒரு குழு, களரி ஒரு குழு. இரண்டும் அருகருகே நின்று ஒன்றையொன்று பாதித்தன. 'சரீரா'வில் அந்தப் பிரிவினைக் கோடு தேடினாலும் கிடைக்கவில்லை. களரிக்காரர் துணைக்கு வந்தவராக இல்லை; படைப்பில் சரிபாதி அவர். துருபத் பின்னணியாக ஒலிக்கவில்லை. நேரத்தை அளந்து கொடுப்பதே அதுதான். பிறதுறை ஒன்றை உள்ளே அழைத்து, நேரத்தின் மீதான அதிகாரத்தை அதனிடம் ஒப்படைப்பது நாட்டியம் செய்யத் துணியாத காரியம். 16 ஆண்டு உழைப்புக்குப் பின்பே அக்குழு அந்த இடத்துக்கு வந்தது. 2006 டிசம்பர் 30ஆம் தேதி சந்திரலேகா மறைந்த பிறகும் இவ்விருவரும் பல ஆண்டுகள் இதைத் தொடர்ந்து ஆடினார்கள் என்பது, படைப்பு ஒரு கருத்தாகத் தாளில் இல்லாமல் இரண்டு உடல்களில் பதிந்திருந்ததைக் காட்டுகிறது. அதே காரணத்தால், அவ்வுடல்கள் ஆடாதபோது படைப்பும் இல்லாமல் போகும் நிலை உண்டாகிறது. பெரிய பள்ளியோ பாடத்திட்டமோ வைக்காத ஒரு குழுவுக்கு இது தவிர்க்க முடியாத விலை. அக்குழுவில் பத்து ஆண்டுகள் ஆடிய பத்மினி செட்டூர் பின்னர் சென்னையிலேயே தனிக் குழு அமைத்தார். ஆனால் அவர் சந்திரலேகாவின் படிமங்களைத் தொடரவில்லை, உடலை நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கும் கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு வழியில் போனார். வாரிசு என்பதற்கு இதைவிட நாணயமான வடிவம் இல்லை.

ஒப்பீட்டுக்கு இரண்டு

பெங்களூருவின் அட்டக்களரி என்ற நடன அமைப்பு 1992இல் தொடங்கப்பட்டது; அதன் கலை இயக்குநர் ஜெயச்சந்திரன் பாலாழி கேரளத்தைச் சேர்ந்தவர். இக்குழு நடனத்தை இணைத்தது பெரும்பாலும் கணினித் தொழில்நுட்பத்தோடும் ஒளி அமைப்போடும். சிலப்பதிகாரத்தைத் தூண்டுதலாகக் கொண்டு 2009இல் வந்த 'குரோனோடோப்பியா'வில் ஒளியும் திரைப்படிமங்களும் ஆட்டக்காரர்களுக்குச் சமமான இடம் பெற்றன. பரதம், களரி போன்றவற்றின் அசைவுக் கோட்பாடுகளை எண்ணிமப் பதிவாகத் தொகுத்த 'நாகரிகா' என்ற திட்டத்தையும் அவர்கள் செய்தார்கள். சந்திரலேகா குழு விட்டுச்சென்ற பெரிய குறையான பதிவின்மையை நேராகத் தாக்கும் முயற்சி அது என்பதால், மேடைப் படைப்புகளைவிட அதையே நான் மேலாக மதிக்கிறேன்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு பழைய கணக்கும் நினைவுக்கு வரும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் ஆட்டத்துக்கு முன் அரங்கைத்தான் கட்டுகிறது: பெருவிரல் இருபத்துநான்கு கொண்டது ஒரு கோல், அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், உயரம் ஒரு கோல், தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு, மூவகை எழினிகள் (திரைகள்). மூங்கில் தேர்வு, அளவை, கட்டடம், ஒளி, திரை ஆகியவை அங்கே சொல்லப்படுகின்றன; ஆடல், இசை, யாழ், குழல், முழவு ஆகியவற்றுக்கு ஆசிரியர்கள் தனித்தனியே விவரிக்கப்படுகிறார்கள். துறைகளை இணைப்பது புதிதாக இறக்குமதியான எண்ணம் என்று பேசுபவர்களுக்கு இந்தப் பகுதியைக் காட்டினால் போதும்.

நகரியில் பார்த்தது

இந்த ஆய்வை எழுதத் தூண்டிய உள்ளூர் நிகழ்வு ஒன்று. நகரியும் அதை ஒட்டிய ஊர்களும் விசைத்தறிக்குப் பேர்போனவை. தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கூடவே நடக்கும். அதே ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்குத் தெருக்கூத்தும் உயிரோடு இருக்கிறது. தமிழில் போகும் கதையில் கட்டியங்காரன் தெலுங்கில் ஒரு வசனத்தை எடுத்துவிட்டுச் சிரிப்பை வாங்குவது எங்கள் எல்லைக் கூத்தின் தனி ருசி. இவ்விரண்டையும் இணைத்து, தறிச் சத்தத்தை ஒலிப்பதிவு செய்து ஒலிபெருக்கியில் விட்டு, அதன் மேல் கூத்து அடவுகளையும் நவீன அசைவுகளையும் கலந்து ஆடும் நிகழ்ச்சி ஒன்றை இளைஞர்கள் சிலர் நடத்தினார்கள். உழைப்பு இருந்தது, கைதட்டலும் கிடைத்தது. ஆனால் ஆட்டம் தன் தாளத்தில் போனது, தறி தன் போக்கில் ஒலித்தது.

அவையிலிருந்த ஒரு நெசவாளர் நிகழ்ச்சி முடிந்ததும் சொன்ன திருத்தம் கூர்மையானது. ஒரு கொட்டகையில் நான்கு தறி ஓடினால் நான்கும் சேர்ந்து அடிப்பதே இல்லை. ஒவ்வொன்றும் மயிரிழை வேகம் மாறி ஓடுவதால் நாடாவின் (ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டையின்) அடி மெல்ல விலகும், எப்போதோ ஒருமுறை நான்கும் ஒரே அடியில் விழும், மறுபடி விலகும். தறிக்காரர் அந்த விலகலைக் காதில் வைத்துக்கொண்டுதான் எந்தத் தறியில் ஊடை (குறுக்கு நூல்) அறுந்தது என்று திரும்பிப் பார்க்காமலே கண்டுபிடிக்கிறார். மேடையில் இருந்த எட்டுப் பேரும் அச்சடித்தாற்போல ஒரே அடியில் ஆடியது அவருக்குத் தறியாகப் படவில்லை. லீலாவதியின் பதினைந்தும் இந்தக் கொட்டகையின் கணக்கும் ஒன்றுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தறியின் சத்தத்தை எடுத்துக்கொண்டவர்கள், தறியின் நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

இதை அந்த இளைஞர்களிடமும், அவர்களுக்குக் கூத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரிடமும் பேசினோம். ஆட்டக்காரர்களை நான்கு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் சற்றே மாறுபட்ட நடையைக் கொடுத்து, எங்கே சேர்கிறார்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாமல் தறிக் கொட்டகையிலேயே ஒத்திகை பார்ப்பது என்று யோசனை. வாத்தியாருக்கு இதில் ஆட்சேபம் உண்டு: பாட்டு உள்ள காட்சியில் நடை விலகினால் பின்பாட்டுக்காரரும் முகவீணைக்காரரும் யாரைப் பிடித்துக்கொள்வார்கள் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. ஆகவே பாட்டில்லாத இடத்தில், பதினெட்டாம் போரில் துரியோதனனும் வீமனும் வட்டமடிக்கும் பகுதியில் மட்டும் முதலில் செய்துபார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். புஜக்கட்டையும் கிரீடமும் கட்டிய பிறகு நடை மாறுகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும், வெறும் உடம்போடு செய்யும் ஒத்திகை தமக்குக் கணக்கில்லை என்பது அவர் போட்ட நிபந்தனை. கொட்டகைக்காரர் தறி நிற்கும் நாளில் இடம் தரத் தயார் என்கிறார். தறி ஓடும் நாளில்தான் வேண்டும் என்று அவரிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.